கவுன்சிலர் சாப்பிட்டாரா

ஒரு கண் ஜன்னலில், ஒரு கண் என்மேல்.
ஒரு காலைத் தூக்கி, அந்தரத்தில் ஆட்டி,
வைக்கலாமா வேண்டாமா என்று
அரை நிமிடம் யோசிக்கும் இந்தப் பச்சோந்திக்கு
கவுன்சிலர் என்று பெயர் வைத்தவன் வீத்தெக்,
என் மாடி அறையில் குடியிருந்தவன்.
மூன்று மாத வாடகை பாக்கியோடு
மீன் தொழிற்சாலை வேலைக்கு நார்வே போய்விட்டான்.
கூண்டும் விளக்கும் ஒரு தாளும் மிச்சம்.
"திராஹோமீரா அம்மா,
ஒரே பூச்சியைத் தினமும் போடாதீர்கள்.
அவனுக்குச் சலித்துவிடும்."

பிர்னோவில், ஒரு பள்ளிச் சமையல்கூடத்தில்
இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்கு
இருபத்திரண்டு வருடமாகச் சமைக்கிறவள் நான்.
சலிப்பைப் பற்றி எனக்கே பாடம்.

முதல் இரண்டு வாரம் சுவர்க்கோழிகள்.
முட்டை அட்டைகளுக்கு நடுவே
இரவெல்லாம் அவை கத்த,
பக்கத்து வீட்டு ஹவ்லிச்செக் சுவரைத் தட்டுவார்.
அவற்றுக்குக் கேரட் துருவிப் போடுவேன்.
பூச்சி தின்ற கேரட் கவுன்சிலர் வயிற்றுக்குப் போகும்.
இறைச்சி உருண்டைக்குள் பசலைக்கீரையை ஒளித்தவளுக்கு
இந்த வித்தை புதிதா?
கால்சியம் பொடியில் புரட்டி எடுத்தால்
ஒவ்வொன்றும் எண்ணெய்க்குக் காத்திருக்கும்
குட்டிக் கட்லெட்.

பதினைந்தாம் நாள் வாயை மூடிக்கொண்டார்.

வெட்டுக்கிளி வாங்கினேன்.
ஒரு கண்ணால் பார்த்தார். அவ்வளவுதான்.
கடைக்காரர் போர்ஜிவோய் சொன்னார்:
கரப்பான் கொடுங்கள், தென்னமெரிக்கச் சரக்கு, நாற்றமே இருக்காது.
காசு கொடுத்துக் கரப்பான் வாங்கினேன் என்று
சுகாதார ஆய்வாளர் காதில் விழுந்தால்
என் சமையல்கூடத்துக்குச் சீல் வைத்துவிடுவார்.
ஆனாலும் வாங்கினேன்.
கவுன்சிலர் முதுகைக் காட்டினார்.
பட்டுப்புழுக்கள் முசுக்கொட்டை இலை கேட்டன,
ஜனவரியில் எந்த மரத்தைப் போய்க் கேட்பேன்?
மெழுகுப்புழு, கொழுப்பு அதிகம், எப்போதாவது மட்டும் என்று
டப்பாவிலேயே எழுதியிருந்தது.
எப்போதாவதுகூட வேண்டாம் என்றார்.
அந்த டப்பாவை
அடுப்போர டிராயரில் கரண்டிகளோடு எறிந்து
மறந்தும் போனேன்.

நிறம் மாறும் பிராணியாம்.
மாறத்தான் செய்தார், பச்சை, பிறகு மஞ்சள்,
என்னைக் கண்டால் கறுப்புக் கோடுகள்.
மனம்தான் மாறவில்லை.

பள்ளியிலும் ஒருவன் உண்டு, க்ரிஷ்டோஃப்.
வெறும் மாவு உருண்டை மட்டும், குழம்பு ஒரு சொட்டும் படக்கூடாது.
தனித்தட்டில் வைக்கிறேன்.
ஆசிரியை முறைக்கிறார்.
முறைக்கட்டும்.

ஞாயிறுதோறும் வீத்தெக் கூப்பிடுவான்,
பின்னால் கடல் காற்றின் இரைச்சல்.
"சாப்பிடுகிறானா?"
"நன்றாய்ச் சாப்பிடுகிறார்."
ஃபோனை வைத்துவிட்டு
இலைகளின்மேல் தண்ணீர் தெளிப்பேன்.
வழியும் துளியை நக்கிக் குடிப்பார்.
குடிக்கிறாரே, குடிக்கிறாரே என்று
எனக்கே சொல்லிக்கொள்வேன்.

பத்தொன்பதாம் பட்டினி நாள்.
மாலை நாலு மணிக்கே இருட்டு,
கூண்டு விளக்கு மட்டும் எரிந்தது, கதவு திறந்திருந்தது.
சூப்புக்குக் கரண்டி எடுக்க டிராயரை இழுத்தேன்.
முகத்தில் வந்து மோதின
சாம்பல் நிறத்தில் ஏழெட்டு அந்துப்பூச்சிகள்.
மறந்த டப்பாவுக்குள் புழுக்களுக்குச் சிறகு முளைத்திருந்தது.
எல்லாம் விளக்கை நோக்கிப் போயின.
துடைப்பத்துக்குத் திரும்பினேன்,
பின்னால் ஒரு சத்தம்,
ஈரத்துணியைச் சுவரில் அடித்தது போல, ஆனால் மிகச் சின்னதாய்.

அவருடைய இரண்டு கண்களும்
ஒரே பக்கம் பார்த்து அன்றுதான் கண்டேன்.
அவர் மெல்லுவது கேட்டது.
அடுத்த நாக்கு, அவர் உடம்பைவிட நீளம்.
அடுத்தது.
சூப் அடிப்பிடித்தது.

இந்த ஞாயிறு
பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
ஆறு மணி, ஏழு, எட்டரை.
ஃபோன் வரவில்லை.

கடைசி அந்துப்பூச்சி
என் கம்பளிக் கோட்டுக் கையில் உட்கார்ந்திருக்கிறது.
தட்டிவிடவில்லை.
கவுன்சிலரின் ஒரு கண் அதன்மேல்.
இன்னொன்று எங்கே என்று
எனக்குத் தெரியவில்லை.